மாஸ்ட் இல்லாமல் 136 கிலோஹெர்ட்ஸ்: ஒரு மண் மின்முனை ஆன்டெனாவின் நிகழ்வு ஆய்வு

135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை. மொத்த அகலம் 2.1 கிலோஹெர்ட்ஸ்தான், ஒரு ஒற்றைப் பக்கப்பட்டைக் குரல்கூட முழுதாக இடம் கொள்ளாது. 2007-ஆம் ஆண்டு உலக வானொலி மாநாடு இந்த அலைவெண் துண்டைப் பொழுதுபோக்கு வானொலியாளர்களான அமெச்சூர்களுக்கு (ஹாம்களுக்கு), முதன்மைப் பயனாளர்களுக்கு இடையூறு செய்யாத இரண்டாம் நிலை உரிமையாகக் கொடுத்தது. உச்சவரம்பு 1 வாட் ஈஐஆர்பி, அதாவது எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனா ஒன்று, நம் ஆன்டெனா அதிகம் வீசும் திசையில் அதே வலிமையைத் தர எடுக்கும் திறன். கேட்க அற்பமாகத் தோன்றும் அந்த 1 வாட்டை எட்டுவதுதான் இங்கே பெரும் பாடு. அலைநீளம் 2,188 மீட்டர். கால் அலைநீள மாஸ்ட் (ஆன்டெனாக் கம்பம்) வேண்டுமென்றால் 547 மீட்டர் உயரம் போக வேண்டும். ஆகவே எந்த ஹாம் எதைக் கட்டினாலும் அது அலைநீளத்தில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். எல்லாரும் தோற்கிற போட்டி இது. யார் குறைவாகத் தோற்கிறார் என்பதே கணக்கு.

வழக்கமான வழி, 10 அல்லது 15 மீட்டர் மாஸ்ட், அதன் தலையில் குறுக்கு வயர்கள், அடியில் பெரிய காயில். மாஸ்டே வைக்க முடியாத இடத்தில் என்ன செய்வது? இரண்டு மூலைகளில் எர்த் ராடுகளை இறக்கி, நடுவில் ஒரு வயரை இழுத்து, டிரான்ஸ்மிட்டரை அதற்குள் செருகி மண்ணுக்குள்ளேயே மின்னோட்டத்தை ஓட விடலாம். மண் மின்முனை ஆன்டெனா என்பது இதுதான். இது வேலை செய்யுமா என்பதைப் பற்றி ஹாம்களிடையே முடியாத வாக்குவாதம் உண்டு. "தரையில் கிடக்கிற வயர், அவ்வளவுதான்" என்று தள்ளுகிறவர்கள் ஒரு பக்கம், "பூமியே ஆன்டெனா" என்று புல்லரிக்கிறவர்கள் மறுபக்கம். எண்களைப் போட்டுப் பார்த்தால் இரண்டு பேருமே இடறுகிறார்கள்.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது காகிதத்தில் வைத்துப் பார்த்த ஒரு நிலையம். மண்ணின் மதிப்புகள் உண்மையில் காணக்கூடிய வரம்பிலிருந்து தேர்ந்தவை. மற்ற எண்கள் எல்லாம் அவற்றிலிருந்து கணக்கில் வந்தவை.

நிலம்

நீளவாக்கில் 100 மீட்டர் வயர் இழுக்க இடம் இருக்கிறது. உயரமாக எதையும் நிறுத்த அனுமதி இல்லை. ஒரு முனை பள்ளம், ஈரமான களிமண். அங்கே மேல்மண்ணின் மின்தடை எண் (மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) 60 ஓம்-மீட்டர். மறுமுனை மேடு, மெல்லிய மண்ணடுக்கு, 400 ஓம்-மீட்டர். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் ஆழம் போனால் பாறை, 1,000 ஓம்-மீட்டர். டிரான்ஸ்மிட்டர் 100 வாட்.

இந்த மூன்று எண்களையும் கண்டுபிடிக்க நான்கு கம்பி முறை போதும். சம இடைவெளியில் நான்கு கம்பிகளை நேர்கோட்டில் குத்தி, வெளி இரண்டில் மின்னோட்டம் விட்டு, உள் இரண்டில் மின்னழுத்தம் பார்த்தால் ஒரு ஓம் மதிப்பு வரும். அதை 2π மடங்காக்கி இடைவெளியால் பெருக்கினால் மின்தடை எண். இடைவெளி 2 மீட்டர் என்றால் மேல்மண் தெரியும். 40 மீட்டர் என்றால் அந்த அளவு ஆழம்வரை உள்ள மண்ணின் கலவை தெரியும். 40 மீட்டர் இடைவெளியில் 4 ஓம் காட்டினால் 1,000 ஓம்-மீட்டர். பலர் 2 மீட்டர் அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்த ஆன்டெனாவுக்கு இரண்டும் வேண்டும், ஏன் என்பது கீழே வருகிறது.

மின்னோட்டம் எங்கே திரும்புகிறது

வயரில் போகும் மின்னோட்டம் ஒரு முனையில் மண்ணுக்குள் இறங்கி மறுமுனைக்குத் திரும்ப வேண்டும். நேர்மின்னோட்டமாக இருந்தால் மண்ணில் எல்லையில்லாமல் பரவும். மாறுமின்னோட்டம் அப்படிப் பரவாது. வயரின் காந்தப்புலம் அதைத் தன் அடியிலேயே பிடித்து வைக்கிறது. எவ்வளவு ஆழம் என்பதற்கு எளிய வாய்பாடு உண்டு: மின்தடை எண்ணை ஹெர்ட்ஸில் உள்ள அலைவெண்ணால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 503-ஆல் பெருக்க வேண்டும். வருவது மீட்டரில் ஊடுருவல் ஆழம். 1,000 ஓம்-மீட்டர் பாறையில் 137 கிலோஹெர்ட்ஸுக்கு 43 மீட்டர்.

அந்த ஆழத்தை √2-ஆல் வகுத்த 30 மீட்டரில் ஒரே கம்பியாகத் திரும்புவதுபோல மின்னோட்டம் நடந்துகொள்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இப்போது படம் தெளிவாகிறது. மேலே 100 மீட்டர் வயர், கீழே 30 மீட்டர் ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாத திரும்புபாதை. செங்குத்தாக நிற்கும் 3,000 சதுர மீட்டர் வளையம் ஒன்று, பெரும்பகுதி புதைந்து கிடக்கிறது. கதிர்வீசுவது இந்த வளையம்தான். வெறும் வயர் என்று பார்த்தாலும் தவறு, பூமி முழுக்க ஆன்டெனா என்று பார்த்தாலும் தவறு. 30 மீட்டர் தடிமன் உள்ள மண், அவ்வளவே.

வளையம் என்பதால் திசையும் வளையத்தின் திசைதான். உயர் அலைவெண்ணில் இருமுனை ஆன்டெனா கட்டிப் பழகியவர்கள் வயருக்குக் குறுக்கே சமிக்ஞை போகும் என்று நினைத்து இழுப்பார்கள். இங்கே நேர் எதிர். வயர் நீண்டிருக்கும் திசையிலேயே அதிகம் போகும். குறுக்குத் திசையில் பூஜ்யம். யாரை எட்ட வேண்டுமோ அவரை நோக்கி வயரை இழுக்க வேண்டும்.

இந்த யோசனை பழையது. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையினர் பதுங்குகுழிகளுக்கிடையே "மண்வழித் தந்தி" நடத்தினார்கள். மண்ணில் இரண்டு முனைகளைக் குத்தி, பஸ்ஸர் ஒலியைத் தரைக்குள் அனுப்பி, எதிரில் இன்னும் இரண்டு முனைகளில் கேட்டார்கள். அது பெரும்பாலும் மண்ணில் நேரடியாகக் கசிந்த மின்னோட்டம். வானொலி என்று சொல்ல முடியாது. வளையம் முழு அளவில் வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்கக் கடற்படையின் 76 ஹெர்ட்ஸ் நிலையங்களைப் பார்க்க வேண்டும். விஸ்கான்சினில் கிளாம் லேக், மிச்சிகனில் ரிபப்ளிக். 1989-இல் முழுப் பணிக்கு வந்து 2004-இல் மூடப்பட்டவை. காட்டுக்குள் கம்பங்களில் பல மைல் நீள வயர்கள், நுனிகள் மண்ணில். அந்த இடங்களைத் தேர்ந்ததற்குக் காரணம் அடியில் கிடக்கும் பழம்பாறை. மின்சாரத்தை மோசமாகக் கடத்தும் அந்தப் பாறையில் 76 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் கிலோமீட்டர் கணக்கில் ஆழம் இறங்கித்தான் திரும்ப முடியும். மெகாவாட் அளவில் உள்ளே போய்ச் சில வாட் மட்டுமே கதிர்வீச்சாக வந்தாலும், கடலுக்கடியில் இருந்த நீர்மூழ்கிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. சோவியத் தரப்பிலும் கோலா தீபகற்பத்தில் 82 ஹெர்ட்ஸில் இதே வேலை நடந்தது.

நல்ல மண் எது

செங்குத்து ஆன்டெனாவுக்கு நன்றாகக் கடத்தும் மண்தான் நல்ல மண். மண் மின்முனைக்கு அப்படியே புரட்டிப் போட்டு, "மோசமாகக் கடத்தும் மண்தான் நல்லது" என்று சொல்லிவிடுகிறார்கள். பாதிதான் சரி.

மின்தடை எண் நான்கு மடங்கானால் ஊடுருவல் ஆழம் இரண்டு மடங்காகும், வளையப் பரப்பும் இரண்டு மடங்கு. கதிர்வீச்சுத் தடை (மொத்தத் தடையில் அலையாக வெளியேறும் திறனுக்கான பங்கு) பரப்பின் வர்க்கத்தோடு போவதால் நான்கு மடங்கு. இதுவரை லாபம். ஆனால் எர்த் ராடின் தடையும் மின்தடை எண்ணோடு நேராக ஏறும். அதுவும் நான்கு மடங்கு. அதே 100 வாட்டில் மின்னோட்டத்தின் வர்க்கம் கால் பங்காகிவிடும். நான்கால் பெருக்கி நான்கால் வகுத்தால்? எங்கும் ஒரே மாதிரி மண் இருக்கிற நிலத்தில், ராடுகளின் தடையே பெரும்பங்காக இருக்கும்வரை, மண் எப்படிப்பட்டது என்பதே கிட்டத்தட்ட பொருட்டில்லை.

எண்ணிலேயே பார்க்கலாம். 1.5 மீட்டர் நீளம், 16 மில்லிமீட்டர் விட்டம் உள்ள ஒரு ராடின் தடை, மின்தடை எண்ணில் ஏறக்குறைய 0.6 பங்கு. நிலம் முழுக்க 400 ஓம்-மீட்டர், முனைக்கு 6 ராடு, 3 மீட்டர் இடைவெளி என்றால் முனைக்கு 50 ஓம்; கதிர்வீசப்படுவது சுமார் 8.7 மில்லிவாட். நிலம் முழுக்க 1,000 ஓம்-மீட்டர் என்றால் முனைக்கு 125 ஓம், கதிர்வீச்சு 9.2 மில்லிவாட். மண் இரண்டரை மடங்கு "நல்லதாகி" கிடைத்தது ஒன்றுமே இல்லை. நிலம் முழுக்க 60 ஓம்-மீட்டர் களிமண் என்றால், முனைக்கு 4 ராடே போதும், தடை 11 ஓம்தான், மின்னோட்டம் தாராளமாகப் போகும். ஆனால் வளையத்தின் உயரம் 7.4 மீட்டருக்குச் சுருங்கிவிடும். கதிர்வீச்சு 4 மில்லிவாட்.

இப்போது நம் நிலத்தைப் பார்ப்போம். ஒரு முனை களிமண்ணில், 11 ஓம். மறுமுனை மேட்டில், 50 ஓம். நடுவில் பாறை, வளையம் 30 மீட்டர் உயரம். கதிர்வீச்சு 32 மில்லிவாட். மேலே சொன்ன சீரான நிலங்களில் சிறந்ததைவிடவும் மூன்றரை மடங்கு. காரணம் எளிது. ராடின் தடையைத் தீர்மானிப்பது அதைச் சுற்றி இரண்டு மூன்று மீட்டருக்குள் இருக்கும் மண். வளையத்தின் ஆழத்தைத் தீர்மானிப்பது நடுவில், கீழே கிடக்கும் மண். இரண்டும் வேறு வேறு இடம். ஆகவே தேட வேண்டியது "நல்ல மண்" இல்லை. முனைகளுக்கு ஈரமும் நடுவுக்குப் பாறையும் கிடைக்கிற ஒரு கோடு. வயரைக் கொஞ்சம் வளைத்தாவது முனைகளை ஈரமான இடத்துக்குக் கொண்டுபோவது, அதே தூரத்தை நேராக இழுத்து உலர்ந்த மேட்டில் முடிப்பதைவிட லாபம். 2 மீட்டர் அளவும் 40 மீட்டர் அளவும் ஏன் இரண்டும் வேண்டும் என்றால் இதற்குத்தான்.

பாறைக்கு மேல் களிமண் பத்து மீட்டருக்கு மேல் தடிமனாக நடுவிலும் கிடந்தால் இந்தக் கணக்கு கெடும். மின்னோட்டம் அந்த மேலடுக்கிலேயே சுகமாகத் திரும்பிவிடும், கீழே இறங்காது.

ராடுகளும் வயரும்

ராடை ஆழமாக இறக்கினால் வளையம் ஆழமாகும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஆகாது. ராடின் ஆழம் தடையைக் குறைக்கும், அதற்கு மேல் எதுவும் செய்யாது. வளையத்தின் ஆழத்தை முடிவு செய்வது அலைவெண்ணும் மண்ணும் மட்டும். எனவே பாறையில் துளை போட்டு ஒரே ராடை இறக்கத் திணறுவதற்குப் பதில், பல குட்டை ராடுகளைப் பரப்பிக் குத்துவது மேல். இடைவெளி ராடின் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். நெருக்கினால் ஒன்றின் மின்னோட்டம் இன்னொன்றின் பாதையை அடைக்கும். மேட்டு முனையில் 6 ராடு சேர்ந்து ஆறில் ஒரு பங்காகக் குறையாமல் 238 ஓமிலிருந்து 50-க்கு மட்டும் வந்தது அதனால்தான். ராடே இறங்காத இடத்தில் ஒரு வெற்றுக் கம்பியை ஒரு முழ ஆழத்தில் நீளமாகப் புதைத்தாலும் அதே வேலை நடக்கும். வறட்சியில் தடை ஏறும். ராடைச் சுற்றி பென்டோனைட் களிமண் போட்டால் ஈரம் கொஞ்சம் தங்கும்.

வயரைத் தரையிலேயே கிடத்தலாமா? கிடத்தலாம், ஆனால் உறையிட்ட வயருக்கும் மண்ணுக்கும் நடுவில் மின்தேக்கம் அதிகமாகி, வழியெல்லாம் மின்னோட்டம் கசியும். ஒரு மீட்டர் குச்சிகளில் தூக்கிக் கட்டினால் அந்தக் கசிவு பெரிதும் அடங்கும். இன்னும் தூக்கினால் தூக்கிய உயரமும் வளையத்தோடு சேரும். நம் பாறை நிலத்தில் 3 மீட்டர் தூக்கினால் 30 என்பது 33 ஆகும், ஒரு டெசிபெல்கூட இல்லை (3 டெசிபெல் என்றால் திறன் இரண்டு மடங்கு). களிமண் நிலத்தில் 7.4 என்பது 10.4 ஆகும், ஏறக்குறைய 3 டெசிபெல். களிமண்காரர்கள் வேலிக் கம்பங்களில் வயரைத் தூக்கிக் கட்டுவது வீண்வேலை இல்லை.

வயரின் சொந்தத் தடை சிறியது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, 100 மீட்டர், இந்த அலைவெண்ணில் 2 ஓம். ஆனால் திரும்புபாதையாக வேலை செய்யும் மண்ணிலும் இழப்பு உண்டு, அது தப்ப முடியாதது. மீட்டருக்கு 0.135 ஓம், 100 மீட்டருக்கு 13.5 ஓம். விசித்திரம் என்னவென்றால் இந்த எண்ணில் மண்ணின் மின்தடை எண்ணே கிடையாது. மோசமான மண்ணில் மின்னோட்டம் அகலமாகப் பரவிக்கொண்டு சமன் செய்துவிடுகிறது. அலைவெண் மட்டுமே கணக்கு.

ஆக மொத்தம் 11, 50, 13.5, 2. ஏறக்குறைய 76 ஓம். 100 வாட்டில் 1.15 ஆம்பியர்.

இசைவிப்பு

இந்த ஆன்டெனாவின் நிஜமான சுகம் இங்கேதான். 100 மீட்டர் வயரும் மண்ணும் சேர்ந்து சுமார் 220 மைக்ரோஹென்றி. 137 கிலோஹெர்ட்ஸில் 188 ஓம் எதிர்ப்பு (மாறுமின்னோட்டத்துக்கு மட்டும் வரும், சமன் செய்யக்கூடிய தடை). அதைச் சமன் செய்யத் தொடராக 6.2 நானோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று போதும். அதன் குறுக்கே வரும் மின்னழுத்தம் 216 வோல்ட். அப்புறம் 76 ஓமை டிரான்ஸ்மிட்டர் எதிர்பார்க்கும் 50 ஓமுக்குக் கொண்டுவர ஃபெரைட் வளையத்தில் சுற்றிய ஒரு டிரான்ஸ்ஃபார்மர். முடிந்தது.

இதையே மாஸ்ட் ஆன்டெனாவோடு ஒப்பிடுங்கள். தலையில் குறுக்கு வயர்களோடு (தலைச்சுமை) 300 பிகோஃபாரட் மின்தேக்கம் என்றால் எதிர்ப்பு 3,870 ஓம், 4.5 மில்லிஹென்றி காயில். அதே மின்னோட்டத்தில் 4,400 வோல்ட்டுக்கு மேல். ஈரம் பட்டால் இசைவு நகரும், காற்றில் வயர் ஆடினால் நகரும். மண் மின்முனையின் க்யூ மதிப்பு (இசைவு எவ்வளவு கூர்மையானது என்ற அளவு) இரண்டரைதான், ஆகவே மழை பெய்தாலும் மறுபடி இசைவிக்கத் தேவையே வராது. இசைவிப்புப் பெட்டியைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கப்பாசிட்டர் நல்ல பாலிப்ரோப்பிலீன் வகையாக இருக்க வேண்டும். இன்னொரு உபகாரமும் அது செய்கிறது. தொலைவில் உள்ள இரண்டு எர்த்களுக்கு நடுவில் மின்வாரியக் கசிவால் 50 ஹெர்ட்ஸ் மின்னழுத்தம் எப்போதும் கொஞ்சம் இருக்கும். 6.2 நானோஃபாரட் 50 ஹெர்ட்ஸுக்கு அரை மெகாஓம். அந்தக் கசிவு டிரான்ஸ்மிட்டர் பக்கம் வராது.

கிடைத்தது எவ்வளவு

கதிர்வீச்சுத் தடை 0.0245 ஓம். 76 ஓமில் அவ்வளவுதான். 100 வாட்டில் 32 மில்லிவாட் மேலே போகிறது, மற்றதெல்லாம் மண்ணைச் சூடாக்குகிறது; சூடு தெரியாத அளவுக்கு. தரைமட்டத்தில் உள்ள சிறு ஆன்டெனாவின் திசைப் பெருக்கம் 3 என்பதால் ஈஐஆர்பி 97 மில்லிவாட். அனுமதித்த வரம்புக்கு 10 டெசிபெல் கீழே.

பரிதாபமாகத் தெரிகிறதா? இந்த வளையத்தின் பரப்பை 2π-ஆல் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால், வயரின் திசையில் அதற்கு நிகரான செங்குத்து ஆன்டெனாவின் பயனுறு உயரம் வரும்: 8.6 மீட்டர். அதாவது தலைச்சுமை நன்றாகப் போட்ட 10 மீட்டர் மாஸ்ட் தரக்கூடிய அளவு. அந்த மாஸ்டின் எர்த் இழப்பும் 40 முதல் 100 ஓம் வரை போகக்கூடியதுதான். மாஸ்ட் எல்லாத் திசையிலும் வீசும், இது இரண்டு திசையில், வித்தியாசம் அவ்வளவே. களிமண் நிலத்தில் இதே வயர் 2.1 மீட்டருக்குத்தான் நிகர். அங்கே ஒரு மரக்கிளையில் வயரை ஏற்றிவிடுவது புத்திசாலித்தனம். மண் மின்முனை "வேலை செய்கிறது", "செய்யவில்லை" என்று வருகிற முரணான அனுபவங்களில் பெரும்பகுதிக்கு இந்த இடைவெளியே விளக்கம் என்பது என் கணிப்பு.

97 மில்லிவாட்டை வைத்துக் குரல் பேச முடியாது. மோர்ஸ் புள்ளி ஒன்றை 3 விநாடி நீட்டும் மெதுமோர்ஸ் முறை, 2 நிமிடத்தில் ஒரு சிறு செய்தியை அனுப்பும் டபிள்யூஎஸ்பிஆர், 30 நிமிடம்வரை நீட்டக்கூடிய எஃப்எஸ்டி4டபிள்யூ. இவைதான் இந்தப் பட்டையின் மொழி. டபிள்யூஎஸ்பிஆர் 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் இரைச்சலுக்கு 30 டெசிபெல் கீழே இருப்பதையும் பிடித்துவிடும். 30 நிமிட முறை இன்னும் பத்துப் பதினைந்து டெசிபெல் கீழே போகும். வரம்புக்கு 10 டெசிபெல் குறைவு என்பதை நேரத்தால் ஈடுகட்டலாம். பொறுமை மட்டும் வேண்டும்.

கேட்பது

இவ்வளவு தாழ்ந்த அலைவெண்ணில் வளிமண்டல இரைச்சலே எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். ஆகவே பெறும் ஆன்டெனாவின் திறன் குறைவு என்பது ஒரு குறையே இல்லை. மண் மின்முனை நன்றாகவே கேட்கும். தடை தாழ்வாக இருப்பதால் முன்பெருக்கி சிக்கலும் இல்லை. குறுக்குத் திசைப் பூஜ்யத்தை ஒரு இரைச்சல் மூலத்தின் பக்கம் திருப்ப முடிந்தால் கூடுதல் வரவு.

கெடுப்பது வேறொன்று. வீட்டின் மின்இணைப்பு எர்த்தும் ஆன்டெனா எர்த்தும் ஏதோ ஒரு வழியில் சேர்ந்துவிட்டால், ஊரிலுள்ள ஸ்விட்ச்-மோடு பவர் சப்ளைகளின் குப்பை எல்லாம் மண் வழியாக ஏறி வரும். தனித்தனிச் சுற்றுகள் உள்ள தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கட்டாயம். கோஆக்ஸ் கேபிளின் வெளியுறையைக்கூட ஆன்டெனா பக்கம் எங்கும் கட்டக் கூடாது. பவர் சப்ளையை நிறுத்தி பேட்டரியில் ரிசீவரை ஓட்டிப் பார்த்தால், இரைச்சல் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

புதைந்த குடிநீர்க் குழாய், தொலைபேசிக் கேபிள், உலோக வேலி ஆகியவை வயருக்கு இணையாக ஓடினால் இன்னும் மோசம். அவை திரும்புமின்னோட்டத்தை மேலேயே வாங்கிக்கொண்டு வளையத்தைத் தட்டையாக்கிவிடும். அனுப்பும்போது பக்கத்து வீட்டுக் குழாயில் உங்கள் 137 கிலோஹெர்ட்ஸ் ஓடும். கோடு தேர்ந்தெடுக்கும்போதே பார்க்க வேண்டியது.

ஆபத்து

மேட்டு முனையில் 50 ஓம், 1.15 ஆம்பியர்: ராடுகளுக்கும் தொலைவு மண்ணுக்கும் நடுவில் 57 வோல்ட். அதில் பெரும்பகுதி ராடைச் சுற்றி முதல் ஒரு மீட்டருக்குள்ளேயே விழுகிறது. 100 வாட்டிலும் அனுப்பும்போது ராடைத் தொடக் கூடாது, 1 கிலோவாட்டில் அதுவே 180 வோல்ட்டைத் தாண்டும். வெறுங்காலோடு நடக்கிறவர்களும் கால்நடையும் அங்கே வரக் கூடாது. வேலி போட வேண்டும். மின்னலுக்கு இது இன்னும் பெரிய அழைப்பு. 100 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு எர்த்களுக்கு நடுவில், பக்கத்தில் எங்கோ விழும் இடிகூட ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் கொண்டுவரும். பயன்படுத்தாத நேரத்தில் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, வீட்டுக்கு வெளியே வைப்பது ஒன்றே வழி.

சரிபார்ப்பு

கணக்கை நம்பி உட்கார்ந்துவிட முடியாது. ஆன்டெனா மின்னோட்டத்தை அளப்பது எளிது, ஆனால் வளையப் பரப்பு மண்ணுக்குள் இருக்கிறது. அதை வெளியே இருந்துதான் அறிய முடியும். அளவு தெரிந்த ஒரு பெறும் வளையத்தோடு வயரின் திசையில் போக வேண்டும். அலைநீளத்தை 2π-ஆல் வகுத்தால் 350 மீட்டர். அதற்குள், அலையாக வெளியேறாமல் ஆன்டெனாவை ஒட்டியே நிற்கும் அருகுப்புலம் ஆட்சி செய்யும், அளவு பொய் சொல்லும். 2 அல்லது 3 கிலோமீட்டர் நல்லது. நம் நிலையத்துக்கு 3 கிலோமீட்டரில் கணக்கு சொல்வது மீட்டருக்கு 0.57 மில்லிவோல்ட். அளந்தது அதில் பாதி என்றால் ஈஐஆர்பி கால் பங்கு. பாறை நினைத்ததைவிட ஈரமானது அல்லது அடியில் ஏதோ குழாய் இருக்கிறது.

பிறகு குறுக்குத் திசையில் அதே தூரம் போய் அளக்க வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பூஜ்யம் ஆழமாக இருந்தால் உங்களிடம் இருப்பது வளையம். எல்லாத் திசையிலும் சமமாக வந்தால் வீசுவது வேறு ஏதோ: கேபிளின் வெளியுறை, வயரின் மின்தேக்கக் கசிவு, இல்லை மின்கம்பி. அந்த நிலையில் கிடைத்த தொலைதூர டபிள்யூஎஸ்பிஆர் பதிவுகளை மண் மின்முனையின் பெயரில் வரவு வைப்பது நியாயம் இல்லை.

மற்ற பட்டைகள்

கதிர்வீச்சுத் தடை இந்த ஆன்டெனாவில் அலைவெண்ணின் மூன்றாம் அடுக்கோடு ஏறுகிறது. 2012 மாநாட்டில் கிடைத்த 472–479 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் இதே வயர் வைத்தால், திரும்புபாதை 16 மீட்டருக்கு மேலேறினாலும் கதிர்வீச்சுத் தடை 1 ஓமைத் தொடுகிறது. மண்வழி இழப்பு 47 ஓமாக ஏறும், அப்படியும் 35 வாட்டில் 1 வாட் ஈஐஆர்பி வந்துவிடும். ஆழம் குறைவதால் மேல்மண்ணின் செல்வாக்கு கூடும், வயர் முழுக்க மின்னோட்டம் ஒரே அளவில் இருக்கும் என்பதும் இங்கே தளர்கிறது. கொஞ்சம் குறைத்தே எதிர்பார்க்கலாம். முதன்முறை முயல்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்தப் பட்டையைத்தான்.

மறுபக்கம் 8.27 கிலோஹெர்ட்ஸ். சர்வதேச ஒதுக்கீட்டு அட்டவணை 8.3 கிலோஹெர்ட்ஸில்தான் தொடங்குவதால், அதற்குச் சற்றுக் கீழே சில நாடுகளின் ஹாம்கள் சோதனை செய்கிறார்கள். உங்கள் நாட்டு விதி என்ன என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அலைநீளம் 36 கிலோமீட்டர். பாறையில் திரும்புபாதை 124 மீட்டர் ஆழத்துக்குப் போகிறது, ஆனால் 100 வாட்டுக்குக் கிடைப்பது 9 மைக்ரோவாட்கூட இல்லை. வயரை 500 மீட்டராக்கினால் 0.2 மில்லிவாட். ஜிபிஎஸ் கடிகாரத்தோடு கட்டம் பிசகாமல் மணிக்கணக்கில் சேர்த்துக் கூட்டும் முறைகள் இருப்பதால், இதுகூடக் கேட்கப்படுகிற அளவுதான். மாஸ்ட் ஆன்டெனாவுக்கு இங்கே தேவைப்படும் ராட்சதக் காயிலை நினைத்தால், இசைவிப்பே தேவைப்படாத மண் மின்முனைக்கு இந்த அலைவெண்ணில் ஒரு தனி மதிப்பு உண்டு.

அடுத்த செலவு எதில்

137 கிலோஹெர்ட்ஸில் விடுபட்ட 10 டெசிபெல்லை எங்கே தேடுவது? மேட்டு முனையில் இன்னும் ராடுகளைக் குத்தி 50 ஓமை 25 ஆக்கினால் 1.7 டெசிபெல். டிரான்ஸ்மிட்டரை 300 வாட் ஆக்கினால் 4.8. வயரை 200 மீட்டராக நீட்டினால் கதிர்வீச்சுத் தடை நான்கு மடங்காகும், மொத்தத் தடை 92 ஓமுக்கு மட்டுமே ஏறும், லாபம் 5.2 டெசிபெல், அதே 100 வாட்டில். இடம் இருக்கிறவரை நீளத்துக்கே முதலிடம். 200 மீட்டரோடு 310 வாட் சேர்ந்தால் வரம்பான 1 வாட் வந்துவிடும். நிலம் 100 மீட்டரோடு முடிந்துவிட்டது என்றால், பள்ளத்து முனையிலிருந்து செங்கோணத்தில் இன்னொரு வயர் போட்டு, ஒரு ரிலேயால் மாற்றிக்கொள்ளும்படி செய்வேன். டெசிபெல் ஏறாது, ஆனால் இதுவரை பூஜ்யமாக இருந்த திசை திறக்கும். ஈர முனையின் 11 ஓம் இரண்டுக்கும் பொதுவாகப் பயன்படும்.